கோல்கீப்பரைப் பற்றி நான் எழுதிய வரி

நம் லைன் வீடுகளில் பிறந்து, இப்போது சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை விழுங்கிக்கொண்டிருக்கும் என் வயதுக்காரர்களே, அந்தப் பச்சை ஜெர்சி உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? கையில் வெள்ளைப் பட்டை போட்டது. முதல் துவையலிலேயே சாயம் இறங்கிப் பட்டையும் பச்சையாகிவிட்டது. ரயில்வே வேலிக் கம்பியில் அத்தனை ஜெர்சியும் காயும்போது எது யாருடையது என்று தூரத்திலிருந்தே சொல்லக்கூடிய பெண் பிள்ளைகள் நம்மில் இருந்தார்கள். அவர்கள் யார் என்று இப்போது சொல்ல மாட்டேன். பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள், பிழைத்துப் போகட்டும்.

அந்த சீசனைப் பற்றி நீங்கள் ஆளுக்கொரு கதை வைத்திருக்கிறீர்கள். கல்யாண வீட்டிலும் சாவு வீட்டிலும் சொல்கிறீர்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டு, சில சமயம் தலையும் ஆட்டியிருக்கிறேன். ஆனால் அந்த சீசனை எழுதியவள் நான். நோட்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

அப்போது எனக்குப் பதினொரு வயது. டீமின் செயலாளர் ரயில்வே ஆபீசில் கிளார்க். பர்மியும் ஆங்கிலமும் சரளமாக எழுதுவார், தமிழ் வாசிப்பார், எழுதக் கை வராது. ஆனாலும் டீம் நோட்டு தமிழில்தான் இருக்க வேண்டும் என்று பிடிவாதம். கோயில் தமிழ் வகுப்பில் என் கையெழுத்துக்கு நல்ல பெயர் இருந்தது. அம்மாவிடம் கேட்டு என்னைக் கூட்டிப்போனார். அரக்கு நிறத்தில் ஒரு மைப்பேனா கொடுத்தார். மூடியில் தங்க நிற வளையம். அந்தப் பேனா கையில் இருந்தபோது எனக்கு இருந்த திமிர் கொஞ்சநஞ்சமல்ல. ஒருத்திக்கும் தொட்டுப் பார்க்கக்கூடக் கொடுத்ததில்லை.

டீம் என்றால் என்ன பெரிய டீம். ரயில் பெட்டி கழுவுகிறவர், நகராட்சிக் குழாய் பார்க்கிறவர், க்யிம்யிண்டைங் படகுத்துறையில் மூட்டை இறக்குகிறவர் என்று பதினொரு பேர், மாற்றுக்கு இரண்டு பேர். வட்டார லீக்கில் இரண்டாம் டிவிஷன். முதலிடம் வந்தால் முதல் டிவிஷனுக்கு ஏறலாம், புல் முளைத்த மைதானத்தில் ஆடலாம். நாம் ஆடிய மைதானத்தில் கோல் கம்பத்துக்கு முன்னால் மழைக்காலத்தில் வாத்து நீந்தும்.

கோல்கீப்பர் என் சின்ன மாமா. அம்மாவின் கடைசித் தம்பி, எங்கள் வீட்டிலேயே இருந்தார். படகுத்துறையில் அரிசி மூட்டை இறக்குகிற உடம்பு. இருபத்து மூன்று வயது, நிலைப்படியில் குனிந்துதான் வருவார். ஞாயிற்றுக்கிழமை காலைப் பயிற்சியில் அவர் பாய்ந்து பிடிப்பதைப் பார்க்க, மீன் குழம்பு ஊற்றி மொஹிங்கா நூடுல்ஸ் விற்கிற பர்மாக்கார அம்மா கூடக் கூடையை இறக்கி வைத்துவிட்டு நிற்பாள். கன்னத்தில் பூசிய தனாக்காச் சாந்து விரிசல் விடுகிற மாதிரி சிரிப்பாள். மாமாவுக்கு மட்டும் பொரித்த பூசணி ஒரு துண்டு கூடுதலாகப் போடுவாள்.

தீபாவளி சமயத்தில் சீசன் தொடங்கியது. ஆட்டங்கள் நாலு மணிக்கு. முதல் ஐந்து ஆட்டத்தில் மாமா ஒரு கோல்கூட விடவில்லை. செயலாளர் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிக் கடிகாரம் பார்ப்பார். நம் ஆள் கோல் போட்டால், "பாப்பா, நிமிஷத்தப் போடு. முப்பத்தொண்ணு," என்பார். நான் போடுவேன். நமக்கு விழுந்தால் வலது பக்கத்தில் எழுத வேண்டும். ஐந்து வாரம் வலது பக்கம் வெறுமையாகவே இருந்தது.

மார்கழி பிறந்ததும் லீக்காரர்கள் ஆட்டத்தை அரை மணி நேரம் தள்ளி வைத்தார்கள். ஆபீஸ் போகிறவர்களும் வந்து பார்க்கட்டும் என்று. உங்களுக்கே தெரியும், அந்த மாதத்தில் இங்கே பொழுது எவ்வளவு சீக்கிரம் சாய்கிறது என்று. மாவ்பி பக்கம் அறுத்த வயலில் வைக்கோல் எரிக்கிற புகை வேறு வந்து இறங்கும். அதற்குப் பிறகுதான் வலது பக்கத்தில் எண்கள் விழத் தொடங்கின.

இன்னொரு விஷயம். ஆட்டம் முடிந்து வீட்டுக்குத் திரும்பும்போது மாமா என்னைத்தான் தேடுவார். "ஏய், எங்க இருக்க? வா, தோளக் குடு," என்பார். அவருடைய கை என் தோளில் விழும். சாக்கடைமேல் போட்டிருந்த பலகையில் நான் முன்னால், அவர் பின்னால். மற்றவர்கள் பேசிச் சிரித்துக்கொண்டு தாண்டிப் போவார்கள். மாமாவுக்கு என்மேல் அவ்வளவு பாசம் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. பாசமும் இருந்ததுதான், இல்லை என்று சொல்லவில்லை.

ஒருநாள் அந்தப் பலகைக்கு முன்னால் நின்று கேட்டார்.

"உனக்கு அந்தக் கொடிக் கம்பம் இப்பத் தெரியுதா?"

"தெரியுதே மாமா. மேல காக்கா கூட உக்காந்திருக்கு."

அந்தப் பக்கம் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பிறகு சிரித்தார். "சின்னப் புள்ளக் கண்ணு. எங்க வயசு வந்தா உனக்கும் மங்கிரும் பாரு."

எல்லாருக்கும் அப்படித்தான் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். பிறந்ததிலிருந்து தன் கண்ணால்தானே பார்த்திருக்கிறார், அடுத்தவர் கண்ணால் எப்படிப் பார்ப்பார். மாலைக்கண் என்ற வார்த்தை நம் வீடுகளில் இல்லாமல் இல்லை. ஆனால் அது சோற்றுக்கு இல்லாத நோஞ்சான் பிள்ளைகளுக்கு வருவது, ஈரல் வாங்கிக் கொடுத்தால் போய்விடும் என்றுதான் நமக்குத் தெரியும். ஒரே மூச்சில் ஒரு மூட்டையைத் தூக்கித் தோளில் வைக்கிறவருக்கு யார் ஈரல் வாங்கிக் கொடுப்பார்கள்?

கடைசி ஆட்டம் க்யிம்யிண்டைங் டீமோடு. தோற்காமல் இருந்தால் போதும், நாம் மேலே ஏறிவிடலாம். லைனே கிளம்பி வந்திருந்தது. இடைவேளைக்கு முன்னாலேயே நாம் ஒரு கோல் போட்டுவிட்டோம். இரண்டாம் பாதியில் வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது, நான் நோட்டை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்து எழுதினேன். முடிய பத்து நிமிடம் இருக்கும்போது ஒன்று விழுந்தது. கடைசியில் அவர்களுடைய ஆள் ஒருவன் பாதி மைதானத்திலிருந்து சும்மா உயரத் தூக்கி அடித்தான். நானே பிடித்திருப்பேன், அப்படி ஒரு பந்து. மாமா இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார். பந்து அவருக்கு இரண்டடி தள்ளி விழுந்து, ஒருமுறை எம்பி, உள்ளே போனது.

அப்போது மாமா, தனக்கு முன்னால் தடுத்து ஆடிய ஸ்டாப்பரைப் பார்த்துக் கேட்டார், "பந்து எங்கடா?"

இந்தக் கேள்வியை நீங்கள் இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறீர்கள். கோல் விட்டதுமல்லாமல் நடிப்பு வேறா என்று ஸ்டாப்பர் அண்ணன் அவர் சட்டையைப் பிடித்தார். எதிர் டீமின் கேப்டன் படகுத்துறையில் மாமாவோடு வேலை பார்ப்பவர், ஒரே கடையில் டீ குடிப்பவர் என்பது ராத்திரிச் சோற்றுக்குள் லைன் முழுக்கப் பரவியது. ஆட்டத்தை விற்றுவிட்டான் என்றார்கள். யாரும் எதையும் பார்க்கவில்லை. பார்க்கவேண்டிய அவசியமும் இல்லாமல் போயிற்று.

பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு வாசிப்பு. அந்த வழக்கத்தை நம் பிள்ளைகளுக்குச் சொன்னால் சிரிக்கிறார்கள், ஆனால் அன்றைக்கு அது நமக்குக் கோர்ட் மாதிரி. கோயில் கொட்டகையில் மேசை போட்டு செயலாளர் உட்காருவார். ஒவ்வொரு ஆட்டக்காரரும் துவைத்து மடித்த ஜெர்சியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு எழுந்து நிற்க வேண்டும். அந்த சீசனில் அவர் எப்படி ஆடினார் என்று நோட்டைப் பார்த்து வாசிப்பார்கள். வாசித்து முடித்து "வச்சுக்க" என்றால் ஜெர்சி அவருக்கே. ஒன்றும் சொல்லாவிட்டால் மேசையில் வைத்துவிட்டு உட்கார வேண்டும். வாசிப்புக்கு யாரும் பதில் பேசக் கூடாது. அதுதான் விதி. பேசவிட்டால் அடிதடியாகிவிடும் என்று பழைய ஆட்கள் வைத்தது.

முந்தின நாள் செயலாளர் வீட்டில் உட்கார்ந்து நான் எழுதினேன். அவர் நடந்துகொண்டே சொன்னார். சென்டர் ஃபார்வர்டுக்கு, கல்யாணம் ஆனதிலிருந்து தலையால் முட்டப் பயப்படுகிறார் என்று. ஸ்டாப்பருக்கு, எதிராளியோடு மோதியதைவிட நடுவரோடு மோதியது அதிகம் என்று. இடது விங்குக்கு, வேகம் உண்டு, பந்தையும் கூட்டிக்கொண்டு ஓடினால் நல்லது என்று. எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. ஒழுங்கான மனிதர், தப்பு சொல்ல முடியாது. அந்த டீம் மேலே ஏறுவதை அவர் பத்து வருடம் எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்.

கோல்கீப்பர் என்று தலைப்புப் போட்டதும் நான் பேனாவை எடுத்துவிட்டுச் சொன்னேன்.

"மாமாவுக்குச் சாயங்காலம் ஆனா என் தோளப் புடிச்சிக்கிட்டுத்தான்..."

"பாப்பா. எழுதுற ஆளு பேசக் கூடாது."

பேசவில்லை. அவர் சொன்னார், "முதல் பாதியில சுவரு. கடைசி இருபது நிமிஷத்துல தொறந்த வாசல். எல்லா கோலும் கடைசியிலதான், நிமிஷம் நோட்டுலயே இருக்கு. அதனால இவரு ஆட்டம்..." நின்றார். "சந்தேகம்னு போட்டாப் பச்சையா இருக்கும். நல்ல தமிழ்ல ஒரு வார்த்தை சொல்லு பாப்பா."

அந்த வாரம்தான் கோயில் வகுப்பில் ஒரு வார்த்தை படித்திருந்தேன். வீட்டில் எதற்கெடுத்தாலும் அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். குழம்பில் உப்பு ஐயத்துக்கு இடமானது, அம்மாவின் கோபம் ஐயத்துக்கு இடமானது. மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்.

"ஐயத்துக்கு இடமானதுன்னு போடலாம்," என்றேன்.

"அதான். போடு."

போட்டேன். ஐகாரத்தின் சுழி நன்றாக வந்திருந்தது. செயலாளர் நோட்டைத் தூரப் பிடித்துப் பார்த்துவிட்டு, "முத்து முத்தா இருக்கு," என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை மறைத்து என்ன ஆகப்போகிறது, சந்தோஷமாகத்தான் இருந்தது.

மறுநாள் கொட்டகையில் மாமா எழுந்து நின்றார். அம்மா துவைத்து, செம்பில் கரி போட்டுத் தேய்த்து மடித்த ஜெர்சி கையில். செயலாளரின் குரல் நிதானமாகத்தான் இருந்தது. அந்த வார்த்தை வந்ததும் மாமாவின் தலை நிமிர்ந்தது. கூட்டத்தில் என்னைத் தேடினார். பகல்தானே, சட்டென்று கண்டுபிடித்துவிட்டார். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நான்தானா என்று சரிபார்த்துக்கொள்கிற மாதிரி பார்த்தார், அவ்வளவுதான். ஜெர்சியை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

வீட்டில் அம்மா கத்தினாள். "ஏன்டா, வாயில என்ன கொழுக்கட்டையா? ஒரு வார்த்த சொல்லக் கூடாது?"

"விதிக்கா," என்றார் மாமா. "டீமுக்கு நான் பதில் சொல்லல. ஆத்தாளுக்குச் சொல்றேன். தீ மிதிக்கிறேன்."

மறுவாரமே காப்புக் கட்டிக்கொண்டார். என்னோடு வழக்கம்போலத்தான் பேசினார். அந்த வார்த்தையைப் பற்றி ஒருநாளும் கேட்கவில்லை. நான் மட்டும் அதற்குப் பிறகு அதை வாயால் சொன்னதில்லை.

பங்குனியில் அம்மனுக்குத் தீமிதி. செய்தி லைன் முழுக்கப் போய்விட்டது. குற்றம் இல்லாவிட்டால் கொப்புளம் இல்லாமல் வருவான், இருந்தால் அம்மன் காட்டிக்கொடுப்பாள். யார் முதலில் சொன்னது என்று தெரியாது. எல்லாரும் சொன்னோம். மாமாவும் அதைத்தான் நம்பினார். அவருக்குத்தான் தன் மேல் குற்றம் இல்லை என்று நிச்சயமாகத் தெரியுமே.

நாலு மணிக்கு வரவேண்டிய கரகம் ஆறு மணிக்கு வந்து சேர்ந்தது. தெருவை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று லாரிக்காரன் ஒருவன் சண்டை போட்டான், மேளக்காரர்கள் தண்ணீர் குடிக்கப் போனார்கள். கடைசியில் குழிக்கு முன்னால் மஞ்சள் வேட்டிகள் வரிசையாக நின்றபோது இருட்டிக்கொண்டிருந்தது. நானும் அம்மாவும் பெண்கள் பக்கம் முன்வரிசையில் நின்றோம். குழியின் நடுப்பகுதி செக்கச்செவேலென்று இருந்தது. நம் பக்கக் கடைசி நாலு முழம் மேலே சாம்பல் பூத்துக் கறுத்துப் போயிருந்தது. அதற்கும் அப்பால் பால் ஊற்றிய பள்ளம். முன்னால் போனவர்கள் கடகடவென்று ஓடிவந்து பாலில் இறங்கினார்கள்.

மாமா ஓடவில்லை. நடந்தார். நேராக, நெஞ்சை நிமிர்த்தி நடந்து வந்தார். சிவப்பு முடிந்தது. சாம்பல் பூத்த இடத்தில் கால் வைத்ததும் நின்றுவிட்டார். அங்கேயே நின்று, இரண்டு கையையும் தலைக்கு மேல் குவித்து, கண்ணை மூடி அம்மனைக் கும்பிட்டார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. குழியைத் தாண்டிவிட்டோம் என்று நினைத்துவிட்டார்.

அம்மாதான் முதலில் கத்தினாள். "டேய், நிக்காதடா! வாடா!" மேளச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும். அவர் வாய் திறந்தது, முழங்கால் மடிந்தது, கை ஊன்றியது. பூசாரியும் இரண்டு பேரும் குதித்து இழுத்துப் பாலில் போட்டார்கள். பாலும் சதையும் வெந்த அந்த வாடை இன்றைக்கும் பால் பொங்கி அடுப்பில் வழிந்தால் எனக்கு வருகிறது.

கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "நிறுத்திக் காட்டிக்குடுத்துட்டாடா ஆத்தா!" அப்புறம் எல்லாரும் அதையே சொன்னார்கள். மேளத்தை நிறுத்திவிட்டுச் சொன்னார்கள்.

இரண்டு மாதம் ஆஸ்பத்திரி. கால் தேறியது, ஆனால் மூட்டை தூக்குகிற கால் இல்லை. அவருக்குப் பேசி வைத்திருந்த மாவ்பிப் பெண் வீட்டார் தாம்பூலத் தட்டைத் திருப்பி அனுப்பினார்கள். மாமா த்வாண்டேயில் ஒரு தூரத்துச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனார். அங்கே பானைக் களிமண் மிதிக்கிற வேலை கேட்டிருக்கிறார். காலைப் பார்த்துவிட்டுக் கொடுக்கவில்லை. வயலில் குருவி விரட்டிக்கொண்டிருந்தார். இரண்டாம் வருட மழையில் ஒரு சாயங்காலம் கால்வாய்க் கரைப் பக்கம் போனவரை மறுநாள் காலையில் எடுத்தார்கள். நம் லைனில் என்ன பேசிக்கொண்டோம்? மனசாட்சி குத்தியிருக்கும், அதான் விழுந்துட்டான் என்று பேசிக்கொண்டோம். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. நானும் நம்பினேன். என் தோளில் அந்தக் கை இருந்தும் நம்பினேன்.

போன மழைக்காலத்தில் என் மகன் டாக்ஸி ஓட்டிக்கொண்டு வரும்போது, பக்கத்தில் ஆள் ஏற்றி மிதிக்கிற சைக்கா ஒன்றை இடித்துவிட்டான். பொழுது சாய்கிற நேரம், விளக்கு இல்லாத தெரு. மிதித்துக்கொண்டு போனவருக்கு விலா எலும்பு முறிந்தது. போலீஸ் ஸ்டேஷனுக்கு நான் போய் முதலில் செய்த காரியம், முப்பது வயது மகனை எல்லார் முன்னாலும் அறைந்ததுதான்.

"குடிச்சிட்டு ஓட்டினியாடா?"

"இல்லம்மா. நான் பாக்கல. அந்தாளு எங்க இருந்து வந்தாருன்னே எனக்குத் தெரியல."

"நடிக்காத," என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் அது ஸ்டாப்பர் அண்ணனின் வார்த்தை என்று எனக்கு உறைத்தது.

நான் அவனைக் கூட்டிப்போன கண் டாக்டர் ஒரு பர்மாக்காரப் பெண். அவனை இருட்டறையில் உட்கார வைத்து நெடுநேரம் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, தாளில் பெண்ணுக்கு வட்டமும் ஆணுக்குச் சதுரமுமாகக் கோடு போட்டு வரைந்துகொண்டே பர்மியில் கேட்டார். உங்கள் அம்மா வழியில் ஆண்கள் யாருக்காவது பொழுது சாய்ந்தால் கண் தெரியாமல் போனதுண்டா? ஒருத்தர் இருந்தார் என்றேன், அம்மாவின் தம்பி. என்ன வேலை செய்தார் என்று கேட்டார். படகுத்துறை என்று சொல்ல வாயெடுத்தவள், கோல்கீப்பர் என்றேன். அவர் ஒரு சதுரத்தைக் கறுப்பாக்கினார். இது பெண்கள் வழியாக வந்து ஆண்களைப் பிடிக்கிற வியாதி, வயதோடு கூடும், மருந்து இல்லை, இதில் உங்கள் தவறு ஒன்றுமில்லை என்றார். அவர் சொன்னது என் மகனைப் பற்றி.

வீட்டுக்கு வந்து டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து நோட்டை எடுத்தேன். பேனா எப்போதோ தொலைந்துவிட்டது. மை பழுப்பாகியிருக்கிறது, எழுத்து அழியவில்லை. வலது பக்கத்து எண்களை விரல் வைத்துப் பார்த்தேன். நாலு மணி ஆட்டங்களில் ஒன்றும் இல்லை. அரை மணி தள்ளிய பிறகு விழுந்தவை எல்லாமே கடைசியில். செயலாளர் சரியாகத்தான் பார்த்திருக்கிறார். நிமிடங்களைப் பார்த்தார், பொழுதைப் பார்க்கவில்லை. பொழுது தெரிந்தவள் நான் ஒருத்திதான், நான் அவருக்கு வார்த்தை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

நம்மில் மிஞ்சியிருப்பது ஏழெட்டுப் பேர். வருகிற ஞாயிறு கோயில் கொட்டகைக்கு வாருங்கள். காலையில்தான் வைத்திருக்கிறேன், நல்ல வெளிச்சத்தில். ஸ்டாப்பர் அண்ணனை வீல்சேரோடு யாராவது கூட்டி வாருங்கள், அவர் அவசியம் வேண்டும். என் மகன் மாமாவின் இடத்தில் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நிற்பான். அதில் வைக்க ஜெர்சி இல்லை, அடுத்த வருடம் வேறு ஒருவர் போட்டுக் கிழித்து, கடைசியில் அது சைக்கிள் துடைத்தது உங்களுக்கே தெரியும். நான் நோட்டைப் பார்த்து வாசிப்பேன். பழைய வரியை அடிக்கவில்லை, அது இருக்கட்டும். அதன் கீழே புதிதாக எழுதியிருக்கிறேன். வாசித்து முடித்ததும் யாரும் எனக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டு வராதீர்கள். பதில் பேசக் கூடாது, விதி தெரியும்தானே.

கோல்கீப்பர்: வெளிச்சம் இருந்தவரை ஒரு பந்தையும் விடவில்லை. வெளிச்சம் போனபின் அவருக்குக் கண் தெரியாது. இதை எழுதுகிறவளுக்கு அது அன்றைக்கே தெரியும்.